தடகளப் பயிற்றுநருக்கு எவ்வளவு புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். மாவட்ட விளையாட்டரங்கம் ஒன்றில் 14 முதல் 18 வயது வரையுள்ள இருபது மாணவ மாணவியருக்கு விரைவோட்டமும் நீளம் தாண்டுதலும் கற்றுத்தரும் பயிற்றுநர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அகாடமி நிர்வாகம் பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்துவிட்டு, இனிமேல் டேட்டாவைப் பார்த்துப் பயிற்சி கொடுங்கள் என்கிறது, தனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கும் ஓரளவு எக்செலும்தான் தெரியும், பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க வேண்டுமா, டேட்டா சயின்ஸ் படிப்பு எதிலாவது சேர வேண்டுமா? மேலோட்டமாகப் பார்த்தால் எந்த மென்பொருளைக் கற்பது என்ற கேள்வி. ஆனால் கடைசியில் அவர் போகிற போக்கில் சேர்த்திருக்கும் வரியைப் பாருங்கள்: “போன மாதம் 100 மீட்டரை 11.8 விநாடியில் ஓடிய பையன் இந்த மாதம் 11.6 ஓடுகிறான், இது என் பயிற்சியால் வந்ததுதானா?” அவர் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆகவே இதற்கே முதலில் விடை தேடுகிறேன். பைத்தான் பற்றிப் பிறகு.

நான் புள்ளியியல் படித்துவிட்டு விளையாட்டு அறிவியல் பக்கம் வந்தவன். தடகளப் பயிற்றுநர்களின் குறிப்பேடுகளோடு பல ஆண்டுகள் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்வதென்றால், உங்கள் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில், பொதுத்தேர்வு நெருங்கும் அவசரத்தில் பல பள்ளிகளில் ஓட்டமாக நடத்தி முடிக்கப்படும் அந்தப் பாடத்தில், வீச்சு (மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி), திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு), மாறுபாட்டுக் கெழு (அந்தச் சிதறலைச் சராசரியின் சதவீதமாகச் சொல்வது) ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒரு பயிற்றுநருக்கு வேண்டிய கணக்கில் பெரும்பகுதி அவ்வளவுதான். கடினமாக இருப்பது கணக்கு அல்ல. கையில் இருக்கும் எண் எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட்டுப் பார்க்கும் பழக்கம்தான்.

11.8, 11.6 என்று ஒரே ஒரு தசம இலக்கம் இருப்பதால் இவை கையில் பிடித்த ஸ்டாப்வாட்ச் நேரங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கைநேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே வரும். துப்பாக்கியின் புகையைக் கண்டு விரல் அழுத்தச் சற்று நேரம் பிடிக்கிறது, முடிவுக் கோட்டிலோ ஓட்டக்காரர் வருவது முன்கூட்டியே தெரிவதால் விரல் அவ்வளவு தாமதிப்பதில்லை. இதற்காக 100, 200 மீட்டர் கைநேரங்களோடு 0.24 விநாடியும் 400 மீட்டரோடு 0.14 விநாடியும் கூட்டிக்கொள்வது தடகளத்தில் நெடுநாள் வழக்கம். ஆனால் அது சராசரித் திருத்தம். குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட ஒரு நாளில் எவ்வளவு தாமதித்தார் என்பதை அது சொல்லாது. இன்னொன்று, விதிப்படி கைநேரத்தை அடுத்த பத்தில் ஒரு விநாடிக்கு மேலேற்ற வேண்டும், அதாவது வாட்ச் 11.51 காட்டினால் ஏட்டில் 11.6 என்றுதான் ஏற வேண்டும். பயிற்சித் திடலில் பலர் அதை 11.5 என்று எழுதிவிடுகிறார்கள். இவற்றைவிடப் பெரியது ஒலியின் கணக்கு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. முடிவுக் கோட்டில் நிற்கும் உங்களுக்கு 100 மீட்டர் தள்ளி ஊதிய விசில் கேட்பதற்கு 0.3 விநாடி ஆகிவிடும். போட்டிகளில் நேரம் எடுப்பவர்கள் ஒலியைக் கேட்டு அல்ல, புகையையோ ஒளியையோ கண்டுதான் அழுத்த வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். போன மாதம் உதவியாளர் கையைக் கீழே இறக்கியதைப் பார்த்து அழுத்தினீர்கள், இந்த மாதம் விசில் சத்தத்துக்கு அழுத்தினீர்கள் என்று வைத்துக்கொண்டால், பையன் அதே வேகத்தில் ஓடியிருந்தாலும் உங்கள் ஏட்டில் 0.3 விநாடி குறைந்திருக்கும். காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று வீசினால் 100 மீட்டர் நேரம் சாதனைப் பட்டியலில் ஏறாது. அந்த எல்லையில் வீசும் காற்றே முதல்தர ஆண் ஓட்டக்காரர்களுக்குச் சுமார் பத்தில் ஒரு விநாடி மிச்சம் தரும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மண் தரையா சிந்தெடிக் டிராக்கா, ஸ்பைக்ஸ் போட்டானா வெறும் ஷூவா என்பதெல்லாம் இதற்கு மேல்.

எனவே 0.2 விநாடி குறைந்தது பயிற்சியாலா என்று கேட்பதற்கு முன், பயிற்சியே இல்லாமல் உங்கள் ஏட்டில் எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். நூறு கிராம் முன்பின் ஆடும் தராசில் பத்து கிராம் மிளகு நிறுக்க முடியாதல்லவா, அதே கதைதான். இதை நீங்களே அளந்துவிடலாம். ஓய்வெடுத்து வந்த மாணவர்களைத் திங்கட்கிழமை ஒரு முறை 30 மீட்டர் ஓட வையுங்கள். இடையில் கடும்பயிற்சி எதுவும் தராமல் வியாழக்கிழமை அதே நேரத்தில், அதே தரையில், அதே ஆள் வாட்ச் பிடிக்க மறுபடி ஓட வையுங்கள். மூன்று நாளில் யாரும் வேகமாகிவிடப் போவதில்லை; ஆகவே இரண்டு நேரங்களுக்கும் இடையே காணும் வேறுபாடு முழுவதும் தடுமாற்றம்தான். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஆறு பேரின் வேறுபாடுகள் +0.06, −0.04, +0.02, −0.08, +0.10, 0.00 விநாடி என்றால் இவற்றின் திட்ட விலக்கம் சுமார் 0.065. ஒவ்வொரு வேறுபாட்டிலும் இரண்டு ஓட்டங்களின் தடுமாற்றமும் கலந்திருப்பதால், அதை இரண்டின் வர்க்கமூலமாகிய 1.41 ஆல் வகுத்தால் 0.046, அதாவது ஒரு தனி அளவீட்டின் தடுமாற்றம் ஏறத்தாழ 0.05 விநாடி. எக்செலில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு சூத்திரங்கள் உண்டு. முழுத்தொகுதிக்கு உரியதை விட்டுவிட்டு மாதிரிக்கு உரியதை எடுங்கள். இந்தக் குழுவில் ஒருவரின் 30 மீட்டர் நேரம் 0.05 குறைந்தால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்; 0.13 அளவுக்கு, அதாவது அந்த 0.065 இன் இருமடங்குக்கு, குறைந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஆறு பேரை வைத்துக் கண்ட தடுமாற்றமே தோராயமானது என்பதால் உங்களிடம் இருக்கும் இருபது பேரையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

விளையாட்டு அறிவியலில் இந்த அணுகுமுறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் வில் ஹாப்கின்ஸ்; அவர் இதைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரை 2000இல் வந்தது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, அடிப்படைப் புள்ளியியல்தான். அவரே முன்வைத்த இன்னொரு முறை, சிறு குழுக்களின் மாற்றத்தை ‘பயனுள்ளதாக இருக்க வாய்ப்புண்டு’ என்பது போன்ற சொற்களில் தரம்பிரிக்கும் முறை, கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பை அது கூட்டிவிடுகிறது என்று 2018இல் புள்ளியியல் ஆய்வாளர் கிறிஸ்டின் சைனானி எடுத்துக்காட்டினார். இணையத்தில் கிடைக்கும் பல எக்செல் வார்ப்புருக்களில் இந்த இரண்டும் கலந்தே இருக்கும். முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதைத் தள்ளிவையுங்கள்.

கைப்பேசியில் தாண்டல் உயரம் அளக்கும் வழக்கம் இப்போது அதிகம், அதற்கும் இதே கணக்கு பொருந்தும். நின்ற இடத்திலிருந்து எம்பும்போது காற்றில் இருந்த நேரத்தை வர்க்கமாக்கி 9.81 ஆல் பெருக்கி 8 ஆல் வகுத்தால் மீட்டரில் உயரம் கிடைக்கும். அரை விநாடி காற்றில் இருந்தால் 30.7 சென்டிமீட்டர். சாதாரண வீடியோ விநாடிக்கு 30 படச்சட்டங்கள் எடுக்கிறது. பாதம் தரையை விட்ட சட்டம் எது என்பதில் ஒன்று பிசகினால் இந்த உயரத்தில் சுமார் 4 சென்டிமீட்டர் மாறிவிடும். 240 சட்டங்கள் எடுக்கும் ஸ்லோமோஷனில் அதே பிசகு அரை சென்டிமீட்டர். ஒரு பருவம் முழுக்க உழைத்து ஒரு மாணவி மூன்று சென்டிமீட்டர் முன்னேறினால் சாதாரண வீடியோவில் அது தெரியாது, ஸ்லோமோஷனில் தெரியலாம். முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் காற்றில் இருக்கும் நேரம் கூடிவிடும் என்பதையும் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிறந்த நேரத்தை மட்டும் எழுதும் வழக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. போட்டியில் சிறந்ததுதான் கணக்கு. சோதனையில் அப்படிச் செய்தால், ஒரு நாள் மூன்று முயற்சி, இன்னொரு நாள் ஐந்து முயற்சி கொடுக்கும்போது, அதிகம் முயன்ற நாளின் ‘சிறந்தது’ யாரும் முன்னேறாமலே மேம்பட்டுத் தெரியும். முயற்சிகளின் எண்ணிக்கையை நிலையாக வையுங்கள், எல்லா முயற்சிகளையும் எழுதுங்கள், ஒப்பிடும்போது சராசரியை எடுங்கள். சராசரியில் தடுமாற்றம் முயற்சிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். நான்கு முயற்சிகளின் சராசரி ஒன்றைவிட இருமடங்கு நம்பகமானது. ஆனால் முழு வேக ஓட்டத்தில் நான்காவதற்குள் களைப்பு வந்துவிடும் என்பதால் இந்த ஆதாயத்துக்கு ஓர் எல்லை உண்டு.

அளவீடு சரியாக இருந்தாலும் ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, பயிற்றுநர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் அதுவே. இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களிடம் பேசியபோது கேட்டதாக உளவியலாளர் டேனியல் கானமன் சொல்வது பிரபலமான செய்தி: நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகப் பறக்கிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான், ஆகவே திட்டுதான் வேலை செய்கிறது என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். உண்மையில் திட்டும் பாராட்டும் இல்லாவிட்டாலும் அதேதான் நடந்திருக்கும். மிக மோசமான ஒரு நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சராசரியை நோக்கித் திரும்பும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை என்று பிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதியதும் இதே போக்கைத்தான். உங்கள் திடலில் இது எப்படி வரும் என்றால், ஒரு சோதனையில் கடைசியாக வந்த ஐந்து பேரைப் பிரித்துச் சிறப்புப் பயிற்சி கொடுப்பீர்கள். அடுத்த மாதம் அவர்கள் முன்னேறியிருப்பார்கள். அந்தப் பயிற்சி ஏட்டில் வெற்றி என்று பதிவாகும். ஒரே ஒரு சோதனையை வைத்துப் பிரிக்காமல் இரண்டு மூன்று சோதனைகளின் சராசரியை வைத்துப் பிரித்தால் இந்த மயக்கம் பெருமளவு குறையும்.

உங்கள் வயதுப் பிரிவில் வளர்ச்சி தனிக் கணக்கு. ஆண்பிள்ளைகள் சராசரியாக 14 வயதை ஒட்டியும் பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள், ஆளுக்கு ஆள் ஓரிரு ஆண்டுகள் முன்பின் இருக்கும். 15 வயதுப் பையன் ஆறு மாதத்தில் வேகமானால் அதில் உடல் முதிர்ச்சியின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஆளின் எண்களிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்வதாக ஒரு செயலி விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளந்து வைத்தால், உயரம் தாவிய மாதங்களில் வந்த முன்னேற்றத்தைச் சற்று அடக்கமாகப் படிக்கலாம். ஒரே வயதுப் பிரிவில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள் அதிகம் தேர்வாகிறார்கள் என்பதும் 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் கண்டறியப்பட்டு, பல விளையாட்டுகளில் உறுதியான ஒன்று. நம் ஊரில் இதைச் சரிபார்க்கும்போது, பள்ளியில் சேர்ப்பதற்காகவே பிறந்தநாளை மே, ஜூன் என்று எழுதிவைத்த குடும்பங்கள் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

பிறகு, எதை எதனால் வகுக்கிறோம் என்ற கேள்வி. கால்பந்தில் இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் விமானப்படையில் இருந்த சார்லஸ் ரீப் 1950இலிருந்து ஆட்டங்களைக் குறிப்பெடுத்தார். கோல்களில் ஐந்தில் நான்கு பங்கு மூன்று அல்லது அதற்கும் குறைந்த பாஸ்களில் விழுகின்றன என்று கண்டார். ஆகவே பந்தை நீளமாக முன்னே அடிப்பதே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தார். பல பயிற்றுநர்கள் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் அவர் திரட்டிய எண்களிலேயே, எல்லாப் பந்துக் கோவைகளிலும் (ஓர் அணி பந்தை இழக்காமல் தொடர்ந்து செய்யும் பாஸ்களின் வரிசை) பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுபவை. பத்தில் ஒன்பது முயற்சிகள் ஐந்தில் நான்கு கோல்களைத்தான் தந்தன என்றால், ஒரு முயற்சிக்கு இத்தனை கோல் என்று பார்க்கும்போது நீண்ட கோவைகளே மேல். மைக் ஹியூஸும் இயன் ஃபிராங்க்ஸும் 2005இல் அப்படி வகுத்துப் பார்த்து அதைக் காட்டினார்கள். மாநிலப் பதக்கம் வாங்கியவர்கள் எல்லோரும் மலைச்சரிவில் ஓடினார்கள் என்று யாராவது சொன்னால், சரிவில் ஓடியும் பதக்கம் வாங்காதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

எக்செல் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. ஒரு முயற்சிக்கு ஒரு வரிசை. தேதி, பெயர், சோதனை, முயற்சி எண், அளவு, தரை, காற்று எந்தப் பக்கம், காலணி, யார் வாட்ச் பிடித்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கட்டங்களை இணைத்து அழகு பார்க்காதீர்கள். வராதவனுக்குப் பூஜ்யம் போடாதீர்கள், கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பூஜ்யம் சராசரியை அப்படியே கெடுத்துவிடும். வரைபடத்தில் ஒவ்வொரு முயற்சியையும் புள்ளியாகக் காட்டுங்கள். சராசரியை மட்டும் பட்டையாகக் காட்டினால் தடுமாற்றம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இனி அந்த வாட்ச். நீண்ட, சீரான ஓட்டத்தில் அது காட்டும் நாடித்துடிப்பை ஏறக்குறைய நம்பலாம். பத்து விநாடி ஓட்டத்தில் நம்ப முடியாது. கருவி பிசகுவது ஒரு பக்கம் இருக்க, இதயமே அவ்வளவு சீக்கிரத்தில் முழு வேகத்துக்கு ஏறுவதில்லை. அதன் ஜிபிஎஸ் 30 மீட்டர் வேகத்தை அளக்க உதவாது. கலோரிக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள்: 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, ஏழில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பது ஓரளவு சரியாக இருக்கும், ஆழ்ந்த தூக்கம் கனவுத் தூக்கம் என்று அது பிரிப்பதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

பயிற்சியின் பளுவை அறிய வாட்சைவிட மலிவான, நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி ஒன்று உண்டு. விளையாட்டு அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் 2001இல் விரிவாக எழுதியது: பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, இன்று எவ்வளவு கடினம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் கேளுங்கள், அதைப் பயிற்சியின் நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், மதிப்பெண் 6 என்றால் பளு 540. தனித்தனியாகக் கேட்க வேண்டும். வட்டமாக நிற்க வைத்துக் கேட்டால் மூத்தவன் சொன்ன எண்ணையே எல்லோரும் சொல்வார்கள். குறைந்த மதிப்பெண் சொன்னவனுக்குக் கூடுதல் ரவுண்டு என்ற தண்டனை வந்தால் அடுத்த நாளிலிருந்து எல்லோரும் 9 சொல்வார்கள். இந்தப் பளுவை வைத்துச் செய்யும் அடுத்த கணக்கில்தான் சந்தேகம் தொடங்குகிறது. இந்த வாரப் பளுவைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து, 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பு, 1.5க்கு மேல் காய ஆபத்து என்று சொல்லும் விகிதம் டிம் காபெட்டின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது, பல செயலிகளில் சிவப்பு விளக்காக எரிகிறது. இந்த வாரமே நான்கு வாரச் சராசரிக்குள்ளும் இருப்பதால் இரண்டு எண்களும் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன என்றும், இந்த விகிதத்தைக் குறைத்தால் காயம் குறையும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் ஃபிராங்கோ இம்பெல்லிசெரி உள்ளிட்டோர் வலுவாக மறுத்திருக்கிறார்கள். பளுவைத் திடீரென்று கூட்டாதீர்கள் என்ற பழைய அறிவுரை நியாயமானது, 1.5 என்ற கோட்டுக்கு அந்த மரியாதை தேவையில்லை. யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் எண் இன்றுவரை எவரிடமும் இல்லை.

பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுவர் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கருதுகிறது; அவர்களது தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வாட்சின் தரவு எந்த நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, எடை, மாதவிடாய்த் தேதி போன்றவற்றை வாட்ஸ்அப் குழுவிலோ சுவரிலோ போடக் கூடாது; தேவை என்ன என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாத எதையும் சேகரிக்கவே வேண்டாம்.

பைத்தானுக்கு வருகிறேன். இருபது பேர், வாரம் ஒரு சோதனை என்ற அளவுக்கு அது வேண்டாம். எக்செல் தாராளமாகப் போதும். படிப்பில் சேரப் பணம் ஒதுக்கியிருந்தால், அல்லது அகாடமியிடம் இன்னொன்று கேட்க வாய்ப்பு இருந்தால், ஒளிக்கற்றையை உடல் வெட்டும்போது நேரம் பதியும் போட்டோசெல் கருவி ஒரு ஜோடி கேளுங்கள். மேலே சொன்ன தடுமாற்றத்தில் விரலால் வருவது அத்தனையும் அதோடு போய்விடும். முடிந்தால் இரட்டைக் கற்றை உள்ளதாக வாங்குங்கள், ஒற்றைக் கற்றையை உடலுக்கு முன்னால் நீளும் கை வெட்டிவிடும். முதல் கற்றைக்கு எத்தனை சென்டிமீட்டர் பின்னால் நின்று கிளம்ப வேண்டும் என்பதைத் தரையில் கோடு போட்டு நிலையாக்குங்கள். ஒரு நாள் 30, ஒரு நாள் 50 என்று நின்றால் கருவி வாங்கியதன் பயனில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். கருவி வந்த பிறகு அந்தத் திங்கள், வியாழன் சோதனையை மறுபடி ஒரு முறை செய்து, பழைய 0.05 எவ்வளவாகக் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பையனையும் அதிலேயே ஓட வைத்து, அந்த நேரத்தையே இனி ஒப்பிடத் தொடக்க எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய 11.8 ஐயும் 11.6 ஐயும் அதோடு சேர்க்க வேண்டாம்.